காண்க: மூன்றாம் பாகம்

மருத்துவப் புத்தக வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, ஒரு புத்தகத்தின் அட்டையில் 'முழுமையான' என்ற சொல்லைப் போடலாமா என்று உங்களில் யார் கேட்டாலும் எனக்கு இன்றும் வலது கண் இமை துடிக்கும். இந்தத் துடிப்புக்கு நரம்பியலில் ஒரு பெயர் உண்டு. அது எந்தப் பாகத்தில் இருக்கிறது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். ஏன் கேட்கக்கூடாது என்பதைச் சொல்லத்தான் இன்று வாயைத் திறந்திருக்கிறேன்.

எழுபதுகளில் மட்டாஞ்சேரியில் எங்கள் பதிப்பகம் ஒரு மிளகுப் பாண்டிகசாலையின், அதாவது கிடங்கின், மாடியில் இருந்தது. கீழே மூட்டை மூட்டையாக மிளகும் சுக்கும். மேலே நரம்பு மண்டலம். முதலாளி தலைமுறை தலைமுறையாகக் கொச்சியில் வியாபாரம் செய்யும் தமிழ்க் குடும்பத்துக்காரர். பணம் நிறைய வந்த பிறகு மரியாதையும் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அவருடைய அம்மாவின் ஓயாத தலைவலியை ஒரு நரம்பியல் டாக்டர் தீர்த்து வைத்தார். அன்றே முடிவு செய்துவிட்டார், நாட்டுக்கு ஒரு முழுமையான நரம்பியல் நூலைக் கொடுப்பதென்று.

"டீச்சரே, மிளகு மழை பட்டா பூசணம் பூத்துப் போகும். புஸ்தகம் பூக்காது" என்றார் என்னிடம். பள்ளிக்கூட வேலையை விட்டு அவரிடம் பொறுப்பாசிரியராகச் சேர்ந்தவள் நான். அதனால் கடைசி வரைக்கும் எல்லாருக்கும் நான் டீச்சர்தான். கொச்சி மழைக்காலத்தில் புத்தகமும் நன்றாகவே பூக்கும் என்பதை அவர் முதல் ஜூனிலேயே கண்டுகொண்டார்.

நூல் ஆங்கிலத்தில், மூன்று பாகங்களாக. முதல் பாகம் நோய்கள். இரண்டாம் பாகம் பரிசோதனையும் அவசர நிலைகளும். மூன்றாம் பாகம் மருந்துகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரிய டாக்டர் ஆசிரியர். அவர்களுடைய பெயர்களைச் சொல்லப் போவதில்லை. அலுவலகத்திலேயே நாங்கள் சொன்னதில்லை. "முதல் பாகம் வந்திருக்கார், காப்பி வேணுமாம்." "ரெண்டாம் பாகம் கோபமா இருக்கார், கதவைச் சாத்துங்கோ." அப்படித்தான் பேச்சு.

முதல் பாகம் எங்கள் பாலக்காட்டுத் தமிழர். கலூரில் கிளினிக். என்னை முதல் நாளிலிருந்தே 'குட்டி' என்றுதான் கூப்பிடுவார். எனக்கு அப்போதே தலையில் பாதி நரை. இரண்டாம் பாகம் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற மலையாளி. இருமினாலும் உத்தரவு போடுவது போல இருக்கும். மூன்றாம் பாகம் சீமையில் படித்தவர். பேசவே மாட்டார். பேசினாலும், எதிரில் இருக்கிறவருக்குப் புரிந்துவிடக் கூடாது என்ற கவனத்தோடு ஆங்கிலத்தில் பேசுவார்.

மூன்று பேரும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. என்றோ ஒரு மாநாட்டில், நிற்காத வலிப்புக்கு முதல் ஊசி போட்டும் அடங்காவிட்டால் இரண்டாவதாக எந்த மருந்தைக் கொடுப்பது என்று பேச்சு வந்திருக்கிறது. முதல் பாகம் ஃபீனோபார்பிட்டோன் என்றார். இரண்டாம் பாகம் ஃபெனிட்டாயின் என்றார். மூன்றாம் பாகம், 'இடத்தைப் பொறுத்தது' என்றாராம். முதல் இருவரையும் ஒரே வாக்கியத்தில் பகைத்துக்கொள்ள அவர் ஒருவரால்தான் முடியும். அதற்குப் பிறகு மூவரும் கல்யாண வீட்டில்கூட வேறு வேறு பந்தியில்தான் உட்கார்ந்தார்கள்.

இப்படிப்பட்ட மூன்று பேரை ஒரே புத்தகத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது? ஒரே மேசையைச் சுற்றி உட்கார வைத்தோம். கீழேயிருந்து மிளகு நெடி ஏறி வர, முதலில் இரண்டாம் பாகம் தும்மினார். பிறகு மற்ற இருவரும். அந்தக் கூட்டத்தில் மூவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். அரை மணி நேரத்தில் முதல் பாகம் எழுந்து, "குட்டி, இவாளோட சேர்ந்து என் பேரு வரதுக்கு வராமலே இருக்கலாம்" என்று செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

முதலாளி கையெடுத்துக் கும்பிட்டார். "சாரே, ஒரு நிமிஷம். இது எங்க வியாபாரத்துல பண்டே உள்ள ஏற்பாடுதான். இந்தத் தெரு எனக்கு, அந்தத் தெரு உனக்கு. என் தெருவுக்கு வந்தவன் உன் சரக்கைக் கேட்டா நான் உன் கடையைக் கைகாட்டி விடுவேன். நீயும் அப்படியே. ஒருத்தர் தெருவுல இன்னொருத்தர் கால் வைக்கப்படாது. சண்டைக்கு வழியே இல்ல."

மூன்று மேதைகளும் யோசித்தார்கள். நரம்பியலை மிளகுச் சந்தை போலப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்பது அவர்களுக்கு ரொம்பவும் பிடித்துவிட்டது. மூவரின் கையெழுத்து இல்லாமல் யாருடைய பாகத்திலும் ஒரு வரி சேர்க்கக் கூடாது என்று ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். எங்கள் ஆங்கில நூலில் 'See', அதாவது 'காண்க' என்ற சொல் இப்படித்தான் பிறந்தது. சச்சரவு வரும் இடமா? அடுத்தவர் கடையைக் கைகாட்டு. காண்க, இரண்டாம் பாகம். காண்க, மூன்றாம் பாகம். ஆசிரியர் குழுவில் அப்படியொரு அமைதி! நானும் அந்த அமைதியை இரு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

வருஷக்கணக்கில் வேலை நடந்தது. அதை விவரித்து உங்களைத் தூங்க வைக்கப் போவதில்லை. அச்சாகி, பைண்டாகி, மூன்று பாகமும் அடுக்கி வைத்தபோது நாங்கள் எல்லாரும் அதைத் தடவிப் பார்த்தோம். நல்ல கனம். லேசாகச் சுக்கு வாசனை. தாலுக்கா ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்ப வேண்டிய பிரதிகளைக் கீழே மிளகு மூட்டைகளுக்குப் பக்கத்தில் கட்டுக் கட்டாக வைத்திருந்தோம். அங்கெல்லாம் ஒரே ஒரு டாக்டர்தான் இருப்பார். நரம்பியல் டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறிப் பாதி நாள் போக வேண்டும். அவர்களுக்கு இந்தப் புத்தகம்தான் துணை என்று முதலாளி போகிற இடமெல்லாம் சொன்னார். வெளியீட்டு விழாவுக்கு ஒரு மந்திரி சம்மதித்திருந்தார். பந்தல்காரனுக்கும் சொல்லியாகிவிட்டது. அபிப்பிராயம் கேட்க வேண்டுமே என்பதற்காக மட்டும் சுற்றுவட்டாரத்துச் சின்ன ஆஸ்பத்திரிகள் சிலவற்றுக்கு முன்கூட்டியே பிரதி கொடுத்திருந்தோம். அபிப்பிராயம் என்றால் பாராட்டு என்று நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்த காலம்.

ஒரு நாள் காலையில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. நூல் சேலை கட்டிய இளம் டாக்டர் ஒருத்தி மூன்று பாகங்களையும் மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தாள். மூச்சு வாங்கியது. புத்தகங்களை என் மேசை மேல் போட்டாள். வைக்கவில்லை, போட்டாள். தோப்பும்படியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை. தகப்பனார் பள்ளுருத்தியில் நகரசபைத் தொழிலாளி. அந்தத் தமிழ்க் குடும்பத்தில் முதல் டாக்டர். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்தது அவள் கண் சிவந்திருந்தது மட்டும்தான்.

"இதுக்குப் பொறுப்பு நீங்கதானா டீச்சரே?"

"ஆமாம். உட்காருங்கோ டாக்டர்."

"உட்கார வரல. நேத்து ஹார்பர்லேருந்து ஒரு சேட்டனைத் தூக்கிட்டு வந்தாங்க. வலை இழுக்கிற ஆளு. ஃபிட்ஸ். நிக்கவே இல்ல. ஒண்ணு அடங்கும் முன்ன அடுத்தது. டியூட்டியில நான் ஒருத்திதான். பரவால்ல, புத்தகம் இருக்கேன்னு எடுத்தேன். வலிப்பு எதுல வரும்? முதல் பாகத்துல. படிங்க."

அவள் விரல் வைத்த இடத்தைப் படித்தேன். நிற்காத வலிப்பு எவ்வளவு ஆபத்து, மூளைக்கு என்னென்ன கேடு என்று பக்கம் பக்கமாக முதல் பாகம் உருகி உருகி எழுதியிருந்தார். கடைசி வரி: உடனடி சிகிச்சைக்குக் காண்க, இரண்டாம் பாகம்.

"சரி, காணுங்க" என்று இரண்டாம் பாகத்தைத் திறந்து காட்டினாள். அதில் பட்டாளத்து மிடுக்கோடு, ஒரு கணமும் வீணாக்கக் கூடாது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கொடுக்க வேண்டிய மருந்துகளுக்குக் காண்க, மூன்றாம் பாகம்.

மூன்றாம் பாகத்தை நானே திறந்தேன். ஒவ்வொரு மருந்தின் வேதியியலும், அதை முதலில் யார் கண்டுபிடித்தார் என்பதும் அங்கே இருந்தன. நிற்காத வலிப்பில் எதை முதலில், எதைப் பிறகு, எப்படிக் கொடுப்பது என்பதற்குக் காண்க, முதல் பாகம்.

"அந்தச் சேட்டனோட பெண்டாட்டி என் கையைப் பிடிச்சிட்டு நிக்கிறா" என்றாள் அவள். "'டாக்டரம்மா, புஸ்தகத்துல என்ன போட்டிருக்கு'ன்னு கேக்குறா. நான் என்ன சொல்லட்டும்? 'மூணாம் பாகத்தைக் காண்க'ன்னு சொல்லட்டுமா?"

"ஆள் இப்போ..."

"ஜீவனோட இருக்கார். நாக்கு இன்னும் குழறுது. உங்க புத்தகத்தால இல்ல, கேட்டீங்களா? இதைத் தூக்கி எறிஞ்சிட்டு, காலேஜ்ல படிச்சது எது ஞாபகம் வந்துச்சோ அதைச் செஞ்சேன். ஆனா நான் சுத்திச் சுத்திப் பக்கம் புரட்டின நேரம் பூராவும் அவர் வலிப்புலதான் இருந்தார்." சொல்லிவிட்டு, உட்கார வராதவள் உட்கார்ந்து அழுதாள். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கத்தில் வந்த தண்ணீர்.

பிள்ளைகளே, நரம்பு மண்டலத்தில் எதையும் நாங்கள் விட்டுவிடவில்லை. உலகத்தில் நாலே குடும்பத்துக்கு மட்டும் வரும் நோய்க்குக்கூடப் படத்தோடு விளக்கம் இருந்தது. கண்ணெதிரே ஒருவன் துடிக்கும்போது என்ன செய்வது என்பது மட்டும் எந்தப் பாகத்திலும் இல்லை. அந்த இடத்தை எழுதினால் இரண்டாவது மருந்தைச் சொல்லியாக வேண்டும். சொன்னால் மற்ற இருவரும் பிடித்துக்கொள்வார்கள். அதனால் மூவரும் மரியாதையாகக் கைகாட்டிவிட்டு நகர்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தம் பாகத்தை மட்டுமே படித்திருக்கிறார்கள். அடுத்தவர் பாகத்தைப் படிப்பது கௌரவக் குறைச்சல்.

முதலாளியிடம் ஓடினேன். அவர் பந்தல் துணியின் நிறத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்ததும் தலையைச் சொறிந்தார்.

"ஒரு பக்கம்தானே டீச்சரே? மீதி இத்தனை பக்கம் இருக்கே!"

"உங்க மிளகு ஏத்தற வள்ளத்துல ஒரு பலகை மட்டும் இல்லேன்னா ஏறுவேளா?"

"பைண்ட் ஆயிடுச்சே. மந்திரிக்கு நாள் சொல்லியாச்சே."

"தாலுக்கா ஆஸ்பத்திரி கட்டு எதுவும் இங்கேருந்து போகப்படாது. அங்கே இருக்கிற டாக்டருக்கு இந்தப் பொண்ணை மாதிரி ஞாபகம் வரலேன்னா, ஆள் போயிடும். வலிப்பு வந்தவனைக் கட்டில்ல போட்டுண்டு நம்ம புஸ்தகத்தைச் சுத்திச் சுத்தி வருவா."

"சரக்கு போகலேன்னா டீச்சர் போக வேண்டி வரும்" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. வியாபாரி விலை சொல்கிற மாதிரி சொன்னார். பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார். "விழாவுக்கு முன்ன மூணு பேர்கிட்டயும் கையெழுத்தோட வாங்கிட்டு வாங்க. வந்தா சேர்க்கலாம். இல்லேன்னா அப்படியே போகட்டும், தெய்வம் பார்த்துக்கும்."

தெய்வம் எந்தப் பாகம் என்று கேட்க நினைத்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டு குடையை எடுத்தேன்.

கலூரில் முதல் பாகம் என்னைக் கண்டதும், "வா குட்டி, விழாவுல நான் நடுவிலதானே உக்காரணும்?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். முகம் சுருங்கியது.

"அது என் பிரதேசம் இல்லையே. அவசர சிகிச்சை பட்டாளத்தானோடது இல்லையோ? அவன்கிட்டே போய்க் கேளு."

"அவர் மூணாம் பாகத்தைக் கைகாட்டறார், மூணாம் பாகம் உங்களைக் கைகாட்டறார் சார்."

"நான் எழுதினா, நான் விட்டுட்டேன்னு ஆயிடும். நான் எதையும் விடலை. காண்கன்னு போட்டிருக்கேன். காணாதது அவா தப்பு."

அந்த ஆளோடு நான் வாதாடவில்லை. எழுந்தேன். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி, "சரி சார். அப்போ ரெண்டாம் பாகம்தான் எழுதப் போறார். ஃபெனிட்டாயின்னு போட்டு, உங்க அத்தியாயத்துக்கு நடுவில வரும். நீங்க ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தாப் போறும்" என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டினார். "உக்காரு" என்றார். வெளியே நோயாளிகள் காத்திருக்க, கதவைச் சாத்திவிட்டு எழுதினார். ஒரே மூச்சில், அடித்தல் திருத்தல் இல்லாமல். அவரைப் போல எழுத ஆள் கிடையாது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எர்ணாகுளத்தில் இரண்டாம் பாகத்திடமும் இதே கூத்துதான், மருந்தின் பெயர் மட்டும் வேறு. "ஆ பட்டர் எழுதியோ?" என்று, அந்தப் பாலக்காட்டுப் பிராமணர் எழுதிவிட்டாரா என்று மலையாளத்தில் கர்ஜித்தார். எழுதிவிட்டார் என்றேன், அந்த நேரத்தில் அது உண்மைதான். நின்றபடியே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

மூன்றாம் பாகத்தின் பங்களா துறைமுகப் பாலத்துக்கு அந்தப் பக்கம். அவரிடம் என் சாமர்த்தியம் பலிக்கவில்லை. சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "மற்ற இருவரையும் இப்படித்தான் ஏமாற்றினீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். தலையாட்டினேன். வேறென்ன செய்வது? அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். பிறகு, "நான் சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்" என்றார்.

"நீங்களே எழுதினா நன்னாயிருக்குமே சார்" என்றேன், என் கையெழுத்தில் இருந்தால் பின்னால் ஒப்பந்தத் தகராறு வருமோ என்று.

அவர் வலது கையை மடியிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்தார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. மேசை மேலிருந்த கரண்டி சாஸரோடு சேர்ந்து சத்தம் போட்டது. அந்த நடுக்க நோயின் மருந்துகளுக்கு அவருடைய சொந்தப் பாகத்தில் நீளமான ஓர் அத்தியாயம் இருக்கிறது. அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். கையெழுத்துப் போட அவருக்கு நேரம் பிடித்தது. நான் ஜன்னல் வழியாகப் பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றுவரை அவர்மேல் எனக்கிருந்த எரிச்சலெல்லாம் அங்கேயே போய்விட்டது.

இப்போது என் கையில் மூன்று தாள். ஒன்றைப் போட்டால் இருவர் வழக்குப் போடுவார்கள். மூன்றையும் போட்டால், வலிப்பு வந்தவனை வைத்துக்கொண்டு எந்தத் தாளைப் பார்ப்பது? தோப்பும்படிக்குப் போய் அந்த இளம் டாக்டரின் முன்னால் மூன்றையும் விரித்தேன். அவள் ஒன்றைப் படித்தாள். அடுத்ததைப் படித்தாள். மூன்றாவதையும் படித்துவிட்டு மறுபடி முதல் தாளை எடுத்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள்.

"என்ன டாக்டர்?"

"டீச்சரே, மூணும் ஒண்ணுதான்."

"ஒண்ணா?"

"ஆளை ஒருச்சாய்ச்சுப் படுக்க வை, மூச்சுக் குழாயைப் பாரு, ரத்தக்குழாயில ஊசியை ஏத்து, குளுக்கோஸ் கொடு, டயஸெபாம் மெதுவா, மூச்சைக் கவனிச்சுட்டே. மூணு பேரும் இதையேதான் எழுதியிருக்காங்க, இதே வரிசையில. அதுக்கும் நிக்கலேன்னா இவர் ஃபீனோபார்பிட்டோன்கிறார், அவர் ஃபெனிட்டாயின்கிறார். இங்கிலீஷ் சார் ரெண்டில எதுவும் ஆகும்கிறார்."

"அதுக்கா மூணு பேரும் இத்தனை வருஷம் பேசாம இருந்தா! இதில எது சரி?"

"எங்க ஆஸ்பத்திரியிலயா? அலமாரியில எது இருக்கோ அது."

"அதையே எழுதுங்கோ" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். "வேடிக்கைக்குச் சொல்லல டாக்டர். அப்படியே எழுதுங்கோ."

அவள் ஒரே ஒரு தாளில், ஓடிக்கொண்டே படிக்கிற மாதிரி பெரிய பெரிய வரிகளாக எழுதினாள். யார் பாகத்தையும் காணச் சொல்லவில்லை. அதை எடுத்துக்கொண்டு மறுபடி மூன்று வீட்டு வாசலும் ஏறினேன். மூவரும் தம்முடையதுதான் இது என்று ஒப்புக்கொண்டார்கள், அதில் தடையில்லை. பெயர் போடுவதில்தான் வந்தது வினை. யார் பெயர் முதலில்? முதல் பாகம், வயசுப்படி என்றார். இரண்டாம் பாகம், பதவிப்படி என்றார். மூன்றாம் பாகம் அகரவரிசைப்படி என்றார், அதன்படி அவர்தான் முதலில் வருவார். கடைசியில், தம் பெயர் முதலில் வராவிட்டால் யார் பெயரும் வேண்டாம் என்று மூவரும் தனித்தனியாகச் சொன்னார்கள். மூவரிடமும் அதற்கே கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். டாக்டர் பெண்ணின் பெயரையாவது போடலாமே என்றேன். அவள், "அய்யோ வேண்டாம் டீச்சரே, எனக்கு இன்னும் எம்.டி. எழுதணும்" என்று கும்பிட்டாள். பரீட்சை நடத்த வருகிறவர்களே அந்த மூன்று பேர்தானே!

பைண்டானதைப் பிரிக்க நேரமில்லை. கெட்டி அட்டையில் அந்த ஒரு தாளை அடித்து, ஒவ்வொரு முதல் பாகத்துக்குள்ளும் சும்மா செருகினோம். "ஒட்டாம விட்டா கழண்டு விழும் டீச்சரே. பார்க்க லட்சணமா இல்ல" என்று முதலாளி அலுத்துக்கொண்டார். விழாவில் மந்திரி பேசினார், இது முழுமையான நூல் என்றார். மூன்று பாகங்களும் மேடையில் மாலையோடு, நடுவில் ஒவ்வொரு நாற்காலியைக் காலியாக விட்டு உட்கார்ந்திருந்தார்கள். செருகிய தாளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மதிப்புரை எழுதியவர்களும் பேசவில்லை. சிலர் பிரதியில் அது கீழே விழுந்திருக்கும்.

அதற்குப் பிறகு எண்பதுகளில் நான் ஓய்வு பெற்றேன். முதல் பாகமும் கிளினிக்கை மூடிவிட்டுப் பள்ளுருத்தியில் மகன் வீட்டோடு வந்துவிட்டார். ஒரு நாள் சலூனில் முடி வெட்டிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு ஃபிட்ஸ் வந்து, நிற்காமல், பக்கத்தில் இருந்த சின்ன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்களாம். கேள்விப்பட்டு மறுநாள் போனேன். பாதித் தலை வெட்டியும் பாதி வெட்டாமலும் படுத்திருந்தார். கண் தெளிவாக இருந்தது.

டியூட்டி டாக்டர் காலேஜை விட்டு அப்போதுதான் வந்த பையன். "எனிக்கு ஆதியம் ஒண்ணும் தோணல டீச்சரே" என்றான். "பின்னே அது நோக்கி ஒவ்வொண்ணா செய்தேன். ஃபிட்ஸ் நின்னுபோச்சு." அவன் காட்டிய இடத்தில், கட்டிலுக்கு எதிர்ச் சுவரில், நாலு மூலையிலும் பிளாஸ்திரி போட்டு எங்கள் தாள் ஒட்டியிருந்தது. மஞ்சளாகி, அயோடின் கறை பிடித்து, ஆனால் ஒவ்வொரு வரியும் தூரத்திலிருந்தே படிக்கத் தெரிந்தது. ஒட்டாமல் விட்டது கழன்று விழத்தான் செய்திருக்கிறது. விழுந்ததை யாரோ எடுத்து, அது வேண்டியிருக்கும் இடத்தில் ஒட்டியிருக்கிறார்கள்.

"புஸ்தகம் எங்கே?" என்று கேட்டேன். பையன் கூச்சத்தோடு கட்டிலின் அடியைக் காட்டினான். தரை சமமாக இல்லாததால் ஒரு காலுக்குப் புத்தகத்தை அண்டை கொடுத்திருந்தார்கள்.

முதல் பாகம் தலையைத் தூக்கிப் பார்த்தார். "எந்தப் பாகம் குட்டி அது?"

குனிந்து பார்த்தேன். "ரெண்டாம் பாகம் சார்."

"நன்னாத் தாங்கறது" என்றார், பரம திருப்தியோடு. பிறகு சுவரில் இருந்த தாளைக் கையால் காட்டினார். "அது நான் எழுதினதாக்கும்."

"ஆமாம் சார். மூணு பேரும் எழுதினேள்."

"பேரே இல்லையே."

"நீங்கதானே வேண்டாம்னு கையெழுத்துப் போட்டேள்?" என்றேன். சொன்ன பிறகு, பாதி முடியோடு படுத்திருக்கிறவரிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டாமே என்று மனசு சங்கடப்பட்டது. கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தேன். "இப்போ போட்டுடட்டுமா? உங்க பேர் ஒண்ணு மட்டும். ஆர் பாக்கப் போறா?"

அவருக்கு ஆசைதான். முகத்திலேயே தெரிந்தது. பேனாவையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையை மெதுவாக ஆட்டினார்.

"வேண்டாம் குட்டி. என் பேரைக் கண்டா மத்தவா ரெண்டு பேரும் வந்து கிழிச்சுண்டு போயிடுவா. அப்புறம் அடுத்த ஆள் வரச்சே இந்தப் பிள்ளை எதைப் பாப்பான்?"